அடங்காத முடி

திங்கட்கிழமை காலை முத்துப்பிரியா மொட்டைத் தலையோடு குடோனுக்குள் வந்தாள்.

ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் கையை நிறுத்தினார்கள். சட்டென்று யாருக்கும் ஆளை அடையாளம் தெரியவில்லை.

அவர்களை மேற்பார்வை பார்க்கும் அன்னக்கொடிக்குத் தெரிந்தது. நடையை வைத்தே தெரிந்தது. எட்டு மாதமாக அந்தப் பெண்ணை அவள் கவனித்த மாதிரி வேறு யாரும் கவனித்ததில்லை.

போன வாரம்வரை முத்துப்பிரியாவுக்கு முதுகு கொள்ளாத முடி. அடர்த்தியும் சுருட்டையுமாக ஒரு இழைகூடச் சொன்ன பேச்சைக் கேட்காது. ஈரத்தோடு இறுக்கிப் பின்னிக்கொண்டு வருவாள். பத்து மணிக்குள் காதோரமெல்லாம் கிளம்பி நிற்கும். மலையிலிருந்து சாரல் இறங்கும் நாட்களில் கேட்கவே வேண்டாம், பொங்கிவிடும். ரப்பர் பேண்டு அறுந்து தெறிக்கும். சீப்பில் பல் தங்காது.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். செம்பருத்தி இலையை அரைத்துத் தேய்த்தாள். வடிகஞ்சியில் அலசினாள். கற்றாழை, விளக்கெண்ணெய், பஸ் ஸ்டாண்டு பக்கம் விற்ற ஏதோ ஒரு கிரீம். எதற்கும் அது அடங்கவில்லை.

கடைசியில் வலை மாட்டி, அதன்மேல் தொப்பி போட்டு, சுற்றிலும் ஊசி குத்திக்கொண்டுதான் வேலைக்கு உட்காருவாள். வெளிநாட்டுக்குப் போகிற காய். ஒரு முடி கிடந்தால் லோடே திரும்பி வந்துவிடும்.

"இந்த முடியக் கட்டி மேய்க்கிறதே தனிச் சோலியா இருக்குக்கா," என்று அன்னக்கொடியிடம் அலுத்துக்கொள்வாள்.

அந்த அலுப்பைத்தான் அன்னக்கொடியால் தாங்க முடியவில்லை.

அவளுக்கும் ஒரு காலத்தில் முடி இருந்தது. தைராய்டு வந்தது, மாத்திரை வந்தது, முடி போய்விட்டது. இப்போது வகிட்டில் மண்டைத்தோல் தெரிகிறது. காலையில் தலைவாரியதும் தரையில் விழுந்ததையெல்லாம் பொறுக்கி, விரலில் சுற்றி, மகன் கண்ணில் படாமல் ஜன்னல் வழியே எறிவாள். மிச்சமிருக்கும் சுண்டுவிரல் கனத்துச் சடையை மறைக்க வருஷம் முழுக்க மல்லிகைப்பூ வேண்டியிருந்தது.

வேண்டாம் என்கிறவளுக்கு இப்படி அள்ளிக் கொடுத்திருக்கிறதே என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும்.

ஒருநாள் மழையில் நனைந்து வந்த முத்துப்பிரியா, சாப்பாட்டு நேரத்தில் முடியை அவிழ்த்து உலர்த்தினாள். போனிலிருந்து தலையைத் தூக்காத மேனேஜர் பிரபாகரன்கூட நின்று பார்த்தார். "என்னம்மா, இம்புட்டு முடியா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

குடோனுக்குள் யாரும் முடியை அவிழ்க்கக் கூடாது என்று மறுநாளே அன்னக்கொடி சட்டம் போட்டாள்.

முத்துப்பிரியா குனிந்து காய் பொறுக்கும்போது பின்னாலேயே நின்று அந்தச் சடையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தொட வேண்டும் போலிருக்கும். பிடித்து இழுக்க வேண்டும் போலவும் இருக்கும்.

போன வெள்ளிக்கிழமைதான் அது நடந்தது.

பெட்டி ஒட்டுவதற்கு முன்னால் மேனேஜர் ஒவ்வொரு தட்டாகக் கிளறிப் பார்த்துக்கொண்டு வந்தார். முத்துப்பிரியாவின் தட்டருகே நின்றார். எதையோ உருவி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். நீளமான முடி. ஸ்பிரிங் மாதிரி சுருண்டு தொங்கியது.

யாருடையது என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

"நாளைலேர்ந்து வராதம்மா," என்றார்.

முத்துப்பிரியா அழவில்லை. தொப்பியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஊசிகள் குத்திய இடத்திலேயே இருந்தன. இந்த வேலை போனால் மறுபடியும் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு ஏறி எஸ்டேட்டுக்குப் போக வேண்டும். போன வருஷம் ஜீப்பு கவிழ்ந்ததில் முறிந்த கை அவளுக்கு இன்னும் முழுசாக நீளாது.

அன்னக்கொடிதான் குறுக்கே போனாள். "இந்த ஒருவாட்டி விட்ருங்க சார். நான் பாத்துக்கிறேன்."

மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். இன்னொரு முடி கிடைத்தால் பேச்சே கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்காகத்தான் இந்த மொட்டை. ஞாயிற்றுக்கிழமை வீரபாண்டிக்குப் போய் மாரியம்மனுக்கு முடியைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

பெண்கள் எழுந்து வந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். கூட வேலை பார்க்கும் சிவரஞ்சனி சந்தனம் பூசிய தலையைத் தடவிப் பார்த்தாள். "நல்லாத்தாண்டி இருக்கு," என்றாள்.

நன்றாகத்தான் இருந்தது. அந்த முடிக்கு அடியில் இப்படியொரு முகம் இருந்ததை இத்தனை நாள் யாரும் பார்த்ததில்லை. அகலமான நெற்றி. பெரிய கண்கள். வெறுமனே நிற்கும்போதே நிமிர்ந்திருக்கும் கழுத்து.

முடி போயிருந்தது. அன்னக்கொடியின் வயிற்றெரிச்சல் போகவில்லை.

முத்துப்பிரியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அவளிடம் வந்தாள். இடுப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். கோயில் திருநீறு.

"நீங்க மட்டும் பேசலேன்னா என் பொழப்பு போயிருக்கும்க்கா," என்றாள். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்க பேரச் சொல்லித்தான் ஆத்தாளுக்கு முடி குடுத்தேன். உங்களுக்கு நல்லா வளரணும்னு."

அன்னக்கொடி பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"எடுத்துக்கங்கக்கா."

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் திருநீற்றின் மேல் போய் நின்றன.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, முத்துப்பிரியாவின் துண்டில் ஒட்டியிருந்த ஒரு முடியை உருவி அவள் தட்டில் போட்டவை அந்த இரண்டு விரல்கள்தான்.