ரெண்டடி வாளி

"ராட்சசன் என்னுது, இளவரசி என்னுது, கதையே என்னுதுலா!"

கத்திக்கொண்டே பள்ளிக்கூட வாத்தியார் ராஃபேலின் வீட்டுக்குள் நுழைந்தார் ரப்பர் எஸ்டேட் குமாஸ்தா முருகையா கிராணி. கூடத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். மடியில் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை. வாத்தியார் எழுதிய மாயக் கதை வந்த பக்கம் மேலே தெரிந்தது.

ஓகோ, கோலாலம்பூர் பத்திரிகை ஆபீஸ்காரர்! அடுத்த கதைக்கு இப்போதே ஆள் பிடிக்கிறானா இந்தத் திருட்டு வாத்தி?

"ஐயா, நீங்களே கேளுங்க. மாரியம்மன் திருவிழாவுல நான் சொன்ன கதை இது. எஸ்டேட்டே உக்காந்து கேட்டுச்சு!"

"கிராணியாரே, ராட்சசனும் இளவரசியும் எல்லாக் கதையிலயும் வர்றதுதான். யோசனைக்கு யாரும் சொந்தக்காரன் இல்ல. உங்க வசனத்துல ஒரு வரி எடுத்திருக்கேனா, சொல்லுங்க," என்றார் ராஃபேல். நெற்றியெல்லாம் வியர்வை.

திருடனுக்கு வேர்க்காமல் வேறு யாருக்கு வேர்க்கும்?

"ராட்சசன நீயே வச்சுக்க. அந்த வாளி? கோட்டை வாசல்ல காவக்காரன் மூட்டை மூட்டையா அவுத்துப் பாக்குறான். இளவரசி ரெண்டு அடித்தட்டு வச்ச ரெண்டடி வாளியில கீழ அரிசிய ஒளிச்சு, மேல பால ஊத்தி, காட்டு ராட்சசனுக்குக் கொண்டு போறா. நம்ம முள்வேலி கேட்டுல நடக்குற சோதனையப் பாத்து நான் யோசிச்சதுய்யா அது!"

"அதுவும் எங்கயாவது வந்திருக்கும். காலப் புடிச்சுக் கேக்குறேன், வீட்டுக்குப் போங்க."

அட, விரட்டுகிறான் பார்! முருகையாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கு விட்டால் அந்தக் கதையில் தன் பேர் ஜென்மத்துக்கும் வராது.

வெள்ளைச் சட்டைக்காரர் கோப்பியைக் கீழே வைத்தார். "அந்த வாளி நீங்களா யோசிச்சதா? யாரும் சொல்லிக் குடுக்கலையே?"

"எங்காத்தா மேல சத்தியம். எல்லாம் என் மூளை!"

"ஐயோ" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் ராஃபேல். மாட்டிக்கொண்டான்! முருகையாவுக்கு வயிறு குளிர்ந்தது.

வந்தவர் நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு வாளியை எடுத்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் தூக்கும் சாதாரண வாளி. கவிழ்த்து அடியைத் தட்டினார். தகரம் கழன்று, அரிசி தரையெல்லாம் கொட்டியது.

"காலையில கேட்டுல புடிச்சோம். காட்டுல பதுங்கியிருக்கிற கம்யூனிஸ்டுங்களுக்குப் போற அரிசி," என்ற இன்ஸ்பெக்டர் விலங்கை வெளியே எடுத்தார். "இது யார் யோசனைன்னு எவ்வளவோ மிரட்டிக் கேட்டோம். வாத்தியார் கடைசி வரைக்கும் உங்க பேரச் சொல்லவே இல்ல."