மேற்கு வயல் சோளம்

"போன் அடிச்சா நீ எடு ஆர்லீன். அந்தச் சேதியை என்னால கேக்க முடியாது."

"எடுக்கிறேன். முதல்ல பீன்ஸைச் சாப்பிடு, ஆறுது."

மனைவி வைத்த தட்டை வென்டெல் தள்ளி வைத்தார். முப்பது வருடங்களுக்கு முன் சாக்கடைக் கழிவைச் சுத்திகரித்து, மிஞ்சிய சேற்றை அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து விவசாயிகளுக்கு இலவச உரமாகக் கொடுத்தார்கள். இப்போது அதில் அழியாத நஞ்சு இருக்கிறதென்று சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். அன்று அதைக் கொட்ட அனுமதி வாங்கிய பண்ணைகளில் எல்லாம் மண்ணையும் கிணற்று நீரையும் பாலையும் சோதனைக்கு எடுத்துப் போனார்கள். வென்டெலின் பண்ணையிலும் எடுத்தார்கள்; முடிவை இன்று போனில் சொல்வதாக இருந்தார்கள்.

"மேட்டு வீட்டு மெர்லுக்கு என்னாச்சு பாத்தியா? அத்தனை மாட்டையும் கொன்னு புதைச்சாங்க."

"மெர்ல் கதை வேற."

"என்ன வேற? ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கையெழுத்துப் போட்டோம். அரசாங்கமே சரின்னுச்சு, நானும் தலையாட்டினேன். என் மாடுங்களை நானே கொன்னுட்டேன் ஆர்லீன்!"

"இன்னும் ஒண்ணும் சாகலை. தொழுவத்துல கத்துறது கேக்கலையா?"

"மேற்கு வயல் சோளத்தைப் பத்தி எவ்வளவு பீத்திக்கிட்டேன்! 'எல்லாம் அந்தச் சேத்தோட மகிமை'ன்னு ஒரு விருந்து விடாம!"

"தெரியும். எனக்கே மனப்பாடம்."

போன் அடித்தது. ஆர்லீன் எடுத்தார். கேட்டுக்கொண்டே இருந்தவர், சட்டென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"சொல்லு! எவ்வளவு மோசம்?"

"சுத்தம். மண்ணு, கிணறு, பாலு, மூணும் சுத்தம்."

வென்டெல் மேசையில் தலை கவிழ்ந்து அழுதார். பிறகு சிரித்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"எப்படி? மெர்ல் வயல்ல விஷமா ஆன சேறு, என் வயல்ல மட்டும் சர்க்கரையாவா போச்சு?"

"எனக்குக் கிணத்தை நினைச்சுத்தான் பயம். மெர்லோட மேட்டுலேருந்து ஊறி வந்திருக்குமோன்னு கண்ணே மூடலை."

"கிணறு சரி. வயல்?"

ஆர்லீன் பீன்ஸைச் சூடாக்க எழுந்தார். "அந்த வருஷம் நீ காலை ஒடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியில கிடந்தே. சேத்து லாரி வந்துச்சு. கொடியில துவைச்ச வெள்ளைப் போர்வையா காயுது, நாத்தம்னா அப்படியொரு நாத்தம். வாசல்லயே திருப்பி அனுப்பிட்டேன்."

வென்டெல் வாய் பிளந்தார். "இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா கிணத்தைச் சோதிக்க விட்டிருப்பியா நீ?"

"அப்போ... ஊரெல்லாம் நான் பீத்தின சோளம்?"

"நம்ம மாட்டுச் சாணி, வென்டெல். நானே அள்ளிப் போட்டது."