தகட்டில் ஒரு சுழி

காஜா பெராங் சாலையில் மழை விட்டு வெயில் அடிக்கிறது. நல்லையாவின் பாத்திரக் கடையில் தொங்கும் பித்தளைக் குடங்களின் மஞ்சள் ஒளி, விமானத் துறை அதிகாரி கலியாணசுந்தரத்தின் வெள்ளைச் சட்டையில் ஆடுகிறது. அவர் உள்ளங்கையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு எஃகுத் தகடு. ஆஸ்திரேலியாவிலிருந்து யூனுஸ் வாங்கி வந்த சின்ன விமானம், பழைய எழுத்துகள் சுரண்டப்பட்டு, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் இரண்டு மாதமாகப் பத்து பெரண்டாம் விமானத் திடலில் நிற்கிறது. தீயிலும் அழியாத இந்தத் தகட்டில் மலாயாவின் புதுப் பதிவெண்ணை வெட்டிக் காட்டினால்தான் பறக்க அனுமதி. அதிகாரியின் பூதக்கண்ணாடி நல்லையா வெட்டியதன்மேல் எழுத்தெழுத்தாக நகர்கிறது. எல்லாம் சரி. பிறகு அது மேலேறி, முதல் வரிக்கும் மேலே போய் நிற்கிறது.

“இது என்ன?”

“பிள்ளையார் சுழி, சார்,” என்கிறார் நல்லையா. உளியைக் கீழே வைக்கிறார். “கல்யாணப் பாத்திரத்துல பேரு வெட்டி வெட்டிக் கை பழகிப்போச்சு.”

“அண்ணே, சார் இன்னைக்கே கோலாலம்பூர் திரும்புறாரு லா!” என்று பதறுகிறார் பக்கத்தில் நிற்கும் யூனுஸ்.

“படிவத்துல இதுக்கு இடமில்லையே,” என்று முனகியபடி அதிகாரி தாள்களை விரிக்கிறார். மை வருகிறதா என்று பேனாவை ஒற்றுத்தாளின் மூலையில் கிறுக்கிப் பார்க்கிறார். மை வருகிறது. தாளில் விழுந்திருப்பது ‘உ’. மூவரும் அதைப் பார்க்கிறார்கள். அதிகாரி ஒற்றுத்தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு, தலை நிமிராமலே கையெழுத்துப் போடுகிறார்.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்கிறார் யூனுஸ்.