மீனில்லாத தொட்டி

கெண்டைக் குஞ்சுகளுக்காகத் தேன்மொழி முருங்கைக்கீரையும் கடலைப்புண்ணாக்கும் சேர்த்துப் புதுத் தீவனம் செய்திருந்தாள். ஐந்து கண்ணாடித் தொட்டிகளில் குஞ்சுகள் இருந்தன. ஆறாவதில் தண்ணீர் மட்டும்தான். தீவனம் எவ்வளவு கரைகிறது என்று பார்க்க வைத்தது.

மூன்று நாளாகியும் குஞ்சுகள் தீவனத்தைத் தொடவில்லை. இரண்டு வருட உழைப்பு வீணாகிவிடுமோ என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் காலையில் பண்ணையாள் தளவாய் வந்தார்.

“ஆறாம் தொட்டியில போட்டது பூராவும் காலி, மேடம்.”

“கரைஞ்சிருக்கும், அண்ணாச்சி.”

“கரைஞ்சா கலங்கும்லா. தண்ணி தெளிவாக் கெடக்கு.”

தண்ணீரை வடித்துத் தேடினார்கள். ஒன்றுமில்லை. திரும்ப நிரப்பி அவள் ஒரு பிடி தூவினாள். நீர்ப்பரப்பில் சின்னச்சின்ன வட்டங்கள் விரிந்தன. உருண்டைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அதைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துத் தொட்டிக் குஞ்சுகள் சட்டென்று மேலே வந்து தின்னத் தொடங்கின. ஐந்து தொட்டியிலும் ஒரே கும்மாளம்.

தேன்மொழிக்குக் கண் நிறைந்துவிட்டது. பயந்துகொண்டேதான் ஆறாம் தொட்டிக்குள் கையை விட்டாள். பல்லில்லாத குட்டி வாய்கள் விரல்களைக் கவ்விக் கவ்வி விட்டன.

“கூசுது, அண்ணாச்சி” என்று சிரித்தாள்.

தளவாயும் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு கையை விட்டார். தெளிந்த வெறும் தண்ணீருக்குள் கைகளை வைத்துக்கொண்டு இருவரும் வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.