இந்தக் கடை சரிப்படாது

"ஐயையோ, அந்தப் பெரிய ஓட்டலெல்லாம் வேணாம்மா. நம்ம பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கற பார்பிக்யூ கடைக்கே போயிடலாம்."

போனில் அண்ணி இப்படிச் சொன்னதும் தங்கைக்குச் சுருக்கென்றது.

அண்ணன் துணி மில்லில் ஃபிட்டர். இப்போது தலைமை ஃபிட்டர் ஆகியிருக்கிறார். அதற்காகத் தங்கை விருந்து வைக்கிறாள். தன்னைப் படிக்க வைத்த அண்ணனை, நாலு பேர் திரும்பிப் பார்க்கிற இடத்தில் உட்கார வைத்துச் சாப்பாடு போட வேண்டும் என்று ஆசை. அவள் வேலையே பெரிய ஓட்டலில் வரவேற்பில் நிற்பது. ஒரு கடை எப்படி என்று வாசற்படியிலேயே எடை போட்டுவிடுவாள்.

"அண்ணன்கிட்ட குடுங்க அண்ணி. நானே கேட்டுக்கறேன்."

"அவரு குளிக்கிறாரு."

போன வாரம் கேட்டபோதும் குளித்துக்கொண்டுதான் இருந்தார். மீனுக்குக்கூட அத்தனை தண்ணீர் ஆகாது.

"அண்ணி கயித்தை இறுக்கிப் பிடிச்சுட்டாங்க," என்று கணவனிடம் பொரிந்து தள்ளினாள். "ஒரு வருஷமா அண்ணன் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்லை. எங்க ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போனேனே, என்ன ஆச்சு? தட்டையே பாத்துட்டு உக்காந்திருந்தாரு. தலைவலின்னு பாதியில எழுந்து போயிட்டாரு. எல்லாம் அவங்க போடற தூபம்."

"ஒருவேளை உங்க ஓட்டல் சூப்பு ஒத்துக்காம போயிருக்கும்," என்றான் கணவன். அவள் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டான்.

மறுநாள் வேலை முடிந்ததும் அந்தக் கடையை உளவு பார்க்கவே போய்விட்டாள்.

அவள் நினைத்தபடியேதான் இருந்தது. மேசையில் விரிப்புக்குப் பதில் பழுப்புக் காகிதம். நடுவில் கரி அடுப்பு. கறியோ சோளக்கதிரோ, அவரவரே சுட்டுக் கையால் பிய்த்துத் தின்ன வேண்டும். மேலே புகை இழுக்கிற விசிறி, மேடு ஏறுகிற லாரி மாதிரி உறுமியது. அதற்கு மேல் பாட்டு. அதற்கும் மேல் ஜனங்கள்.

பரிமாறுகிற பெண்ணைப் பிடித்து, "கொஞ்சம் அமைதியான மேசை இருக்கா?" என்றாள்.

"என்னக்கா?"

"அமைதியா!"

"வெளியே பஸ் ஸ்டாண்டுல உக்காருங்கக்கா, அங்கே இதுக்கு எவ்வளவோ தேவலை!"

வெளியே வந்த கையோடு அண்ணிக்குப் போன் போட்டாள்.

"பாத்துட்டேன் அண்ணி. இந்தக் கடை சரிப்படாது. சிநேகிதப் பசங்க சட்டையைக் கறை பண்ணிக்கிட்டுக் கும்மாளம் போடற இடம். ஒரு மனுஷனுக்கு மரியாதை செய்யற இடமில்லை."

"அங்கேதான் அவருக்கு மரியாதை," என்றாள் அண்ணி. குரல் இம்மியும் அசையவில்லை. "வேற எங்கேன்னாலும் நாங்க வரலைம்மா."

வரலையாமே! அண்ணன் இல்லாமல் விருந்து யாருக்கு? தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றாள். வரட்டும். அந்த இரைச்சலில் அண்ணன் முகம் சுளிக்கிற நிமிஷம் இருக்கிறதே, அப்போது அண்ணியை நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தங்கை பேசினாள், அவள் பேசியது அவளுக்கே கேட்கவில்லை. பரிமாறுகிற பெண்ணைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கணவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அண்ணன் மட்டும் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். தறிச் சத்தத்துக்கு நடுவே உதட்டைப் பார்த்தும் கையைக் காட்டியும் இருபது வருஷம் வேலை வாங்கினவர். நாலு மேசை தள்ளி நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்து இரண்டு விரலைத் தூக்கினார், உள்ளங்கையைத் திருப்பினார். இரண்டு தட்டுக் கறி வந்து இறங்கியது.

"என்ன மாப்ளே, காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலையா?"

கணவன் அவர் முகத்துக்கு நேராக வந்து கத்தினான். "நீங்க சொல்லிக் குடுங்க மச்சான்!"

"மேனேஜர் வர்றாருன்னா இப்படி." வயிற்றுக்கு முன்னால் ஒரு பெரிய பானையை வரைந்து காட்டினார்.

"நான் வந்தா எப்படிண்ணே?" தங்கை எட்டிக் கத்தினாள்.

அண்ணன் மூக்கை விட்டத்துக்குத் தூக்கி, கழுத்தை ஒரு வெட்டு வெட்டினார். பக்கத்து மேசைக்காரர்கள் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். தங்கை அவர் தோளில் குத்தினாள். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எத்தனை நாளாயிற்று இந்த அண்ணனைப் பார்த்து!

கை கழுவுகிற இடத்தில் சத்தம் கொஞ்சம் அடங்கியிருந்தது.

"தோத்துட்டேன் அண்ணி," என்றாள். "அண்ணனை இப்படிப் பாத்து ஒரு வருஷம் ஆச்சு. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எங்க ஓட்டல்ல இல்லாதது அப்படி என்ன இந்தக் கடையில இருக்கு?"

அண்ணி குழாயை மூடினாள். மேசைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, அவள் அருகில் வந்தாள்.

"தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே. உங்கண்ணனுக்குக் காது சரியாக் கேட்டு ஒரு வருஷம் ஆச்சு. உன்கிட்ட சொல்லக் கூச்சம். அமைதியான இடத்துல அவர் ஒருத்தர்கிட்ட மட்டும்தாம்மா கத்திப் பேசணும். இங்கே யார்கிட்ட பேசறதா இருந்தாலும் கத்தித்தான் ஆகணும்."