ஆலப்புழை வீடியோ கால்

ஆலப்புழையில் படகு வீட்டின் கீழ்த் தளத்தில் உட்கார்ந்து, நஜீமா செல்போனைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பினாள்.

"தெரியுதாங்க? ரெண்டு பக்கமும் தென்னமரம்."

"தெரியுது. அந்த வாத்துக் கூட்டத்தைப் பாத்தியா?" என்றார் திரையில் காதர் பாட்சா.

கல்யாணமாகிப் பதிமூன்று வருடம். அவருக்குத் துபாயில் வேலை, அவளுக்கு லப்பைக்குடிக்காட்டில் வீடு. குடும்பம் நடப்பதே இந்தத் திரையில்தான்.

"நம்ம வெள்ளாத்துல இதுல பாதி தண்ணி ஓடுனா போதும்."

"ஆமா. சாப்பிட்டியா?"

"மீன் குழம்பு. காரமே இல்ல. உங்களுக்கு?"

"இங்கயும் அதான். உப்பும் பத்தல."

"உங்ககிட்ட இப்படிப் பேசுனாத்தான் மனசு ஆறுது."

"எனக்கும்தான். காலையிலேருந்து ஒரு வார்த்தை வரல."

படகின் சமையல்காரர் டீயோடு வந்தார்.

"மேடம், உங்க வீட்டுக்காரர் மாடியில தனியா உட்கார்ந்து போன் பேசுறாரு. டீயை அங்கயே கொடுக்கவா?"

"கொடுங்க" என்றவள், திரையைப் பார்த்துக் கேட்டாள். "என்னங்க, நானும் மேல வரட்டுமா?"

காதர் பாட்சா பதறிப்போனார்.

"வேணாம் நஜீமா. நேர்ல வந்தா என்ன பேசறதுன்னே தெரியல. நீ லைன்லயே இரு."