ஒன்பது நாள் வண்டி

"பதினாறு அங்குலச் சக்கரத்துல தீவைச் சுத்துறதா? அது சந்தைக்குப் போய் முள்ளங்கி வாங்குற வண்டி."

"மடக்க எத்தனை விநாடி ஆகுதுன்னு முதல்ல பாரு..."

"விநாடியை வெச்சு என்ன பண்றது? ஷோகா மலையேத்தம் இருக்கு, கியர் எத்தனைன்னு நான் கேக்குறேன், நீ..."

"நீ மேட்டைப் பாரு, நான் வீட்டைப் பாக்குறேன், கிழட்டுக் குரங்கே."

ஜியாயி ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சைக்கிள் கடையில் வென்-தேயும் அவர் மனைவி சியூ-லானும் அரைமணி நேரமாக இப்படித்தான். கடைக்கார ஆ-சுவானுக்கு இது பழக்கம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் தைவானைச் சுற்றக் கிளம்பும் கணவன், தடுக்கக் கூடவே வரும் மனைவி. வாரத்துக்கு ஒரு ஜோடியாவது அவன் கடைப்படி ஏறும். சிரித்துக்கொண்டே தேநீர் ஊற்றினான்.

சியூ-லான் கணவரின் கோப்பையை எடுத்து, பாதிக்கு மேல் தன் கோப்பையில் சாய்த்துக்கொண்டாள். "அவருக்கு இவ்வளவு போதும்."

தேநீர் மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு மடக்கு சைக்கிள்கள் நின்றன. சின்னது மூன்று மடிப்பில் அடங்கிப் பைக்குள் போய்விடும். பெரியது இருபது அங்குலம். முன்னும் பின்னும் மூட்டை கட்டலாம், மலையேறும். ஆனால் அதை மடக்கித் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் படி ஏறினால் நெஞ்சு அடைக்கும்.

சியூ-லான் சின்னதைத் தானே மடக்கினாள். பையில் போட்டுத் தோளில் மாட்டி, கடையின் மாடிப்படி ஏறி இறங்கினாள். "தூக்க முடியுது," என்றாள், மூச்சு வாங்காமல்.

"பெரியப்பாவே தூக்கிப் பாக்கட்டுமே, பெரியம்மா. நீங்க ஏன் அவஸ்தைப்படுறீங்க?"

"அவர் அந்தக் கையில கனம் தூக்கக்கூடாது."

அப்போதுதான் ஆ-சுவான் பார்த்தான். ஜூன் மாத வெக்கையிலும் வென்-தே முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். சட்டைக்கை ஒதுங்கிய இடத்தில், இடது மணிக்கட்டுக்கு மேல் கயிறு போலப் புடைத்த நரம்பு, அதன்மேல் இரண்டு பிளாஸ்திரி. அவன் அண்ணன் கையும் அப்படித்தான். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம், ரத்தம் வெளியே போய் மெஷினில் சுத்தமாகித் திரும்பி வரவேண்டும்.

"எந்தெந்த நாள் பெரியப்பா?"

சியூ-லான்தான் பதில் சொன்னாள். "செவ்வாய், வியாழன், சனி. அந்த மூணு நாளும் வீட்டுல இருந்தாகணும். அதுக்குத்தான் சின்னது கேக்குறேன். ஒரு நாள் ஓட்டினா போதும். எந்த ஸ்டேஷனா இருந்தாலும் பையில போட்டு ரயிலேறினா ராத்திரிக்குள்ள வீடு. அடுத்த வாரம் விட்ட இடத்துல இருந்து."

"இதைக் கேளுங்க முதலாளி. ஒன்பது நாள்ல முடியற சுத்தை மாசக்கணக்குல சுத்தணுமாம். ராத்திரி ராத்திரி வீட்டுக்கு வந்தா அதுக்குப் பேரு ஊர் சுத்துறதா, பஞ்சாலை வேலைக்குப் போறதா?"

"ஒன்பது நாள்ல ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஆகாது."

"நீ டாக்டரா?"

"நீதான் டாக்டரா?"

ஆ-சுவான் தேநீர்க் குடுவையைக் கீழே வைத்தான். புத்தாண்டு விருந்தைச் சாக்காக வைத்து அண்ணன் ஒரே ஒரு முறை மெஷினைத் தள்ளிப் போட்டான். கால் வீங்கி, மூச்சு முட்டி, ஆம்புலன்ஸ் வந்தது. இவர் ஒன்பது நாள் என்கிறார்.

"பெரியப்பா, அந்தப் பெரிய வண்டி விக்கிறதுக்கு இல்லை."

"விலைச்சீட்டு தொங்குதே."

"அது... போன வாரமே ஒருத்தர் சொல்லிவெச்சிட்டுப் போயிட்டார்."

"பேரு?"

ஆ-சுவான் விலைச்சீட்டைத் திருப்பிவைத்தான். உதவிக்குச் சியூ-லானைப் பார்த்தான். அவள் பெரிய வண்டியின் மணியை ஒரு தரம் அடித்துப் பார்த்துவிட்டு, சுட்டது போலக் கையை எடுத்துக்கொண்டாள்.

வென்-தேயின் குரல் இறங்கியது. "முப்பத்தெட்டு வருஷமா அடுப்படிச் சுவத்துல தீவோட வரைபடம் ஒட்டியிருக்கு, முதலாளி. எண்ணெய்ப் பிசுக்கு ஏறி தைதுங் ஊரே காணாமப் போச்சு. கிழக்குக் கரை, வலது கைப் பக்கம் கடல். ஒரு தரம். நடுவுல திரும்பாம ஒரே ஒரு தரம். அதுகூடக் கூடாதா?"

சியூ-லான் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பையை எடுத்தாள். ஆறிப்போன தேநீரைக் குடித்தாள்.

விற்றால் பாவம், விற்காவிட்டால் இந்த மனுஷன் அடுத்த கடையில் வாங்குவார். ஆ-சுவான் தோற்றுப்போனான். "சரி பெரியப்பா. சீட் உயரத்துக்கு அளவு மட்டும் எடுத்துக்கிறேன். ரெண்டு பேரும் வீட்டுல பேசிட்டு நாளைக்குச் சொல்லுங்க." அளவு நாடாவோடு அவர் காலடியில் குந்தினான்.

வென்-தே நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நாடாவை அவன் கையிலிருந்து பிடுங்கி, மனைவியின் மடியில் போட்டார்.

"பெரிசுக்கே அளவு குடு, சியூ-லான். மெஷினுக்கு நானே போயிக்கிறேன். நீ பாதியில ரயிலேறி வந்து நின்னா, நான் கதவைத் திறக்க மாட்டேன்."